கொட்டாஞ்சேனையில் ஒரு கூட்டுச் செபம்: யார் யாருக்காக மன்றாடுவது?

கோவில்மணி (கொட்டாஞ்சேனை) — திங்கள், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரம். எங்கள் பகுதியில் கால்நடையாகப் போகும் தூரத்துக்குள் கத்தோலிக்கப் பங்கு இருக்கிறது, மெதடிஸ்த ஆலயம் இருக்கிறது, ஜிந்துப்பிட்டிப் பக்கம் அங்கிலிக்கன் ஆலயம் இருக்கிறது, கடைகளுக்கு மேலே மாடியில் கூடும் பெந்தெகொஸ்தே சபைகளும் இருக்கின்றன. ஞாயிறு காலையில் ஒரே தெருவில் வேதாகமத்தைக் கையில் பிடித்தபடி ஒருவரை ஒருவர் கடந்து போகிறோம். ஒரு புன்னகையோடு சரி.

இந்த வாரத்தில் ஒரு மாலையாவது சேர்ந்து மன்றாட வேண்டும் என்று சில இளையோர் முடிவு செய்திருக்கிறோம். இரண்டு கருத்துகள்: விசுவாசிகளின் ஒற்றுமை, துன்ப காலத்தில் திடம். ஒரு செபம் எழுதிப் பார்த்தேன். தயவுசெய்து படித்துவிட்டு மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள்.

"எல்லாம் வல்ல இறைவா, உம் பிள்ளைகளாகிய நாங்கள் பல சபைகளாகப் பிரிந்து நிற்கிறோம். எங்கள் பிரிவினைகளை அகற்றி எங்களை ஒன்றாக்கும். எங்களுக்கு வரும் துன்பங்களைப் பொறுமையோடு தாங்க அருள்தாரும். ஆமென்."

---

உபதேசியார் (மட்டக்குளி) — திங்கள், இரவு 10.02

தம்பி, நல்ல காரியம். முதலில் நடைமுறையைச் சொல்கிறேன். பங்குத்தந்தையிடம் இப்போதே பேசுங்கள், கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட ஒன்றிப்பு பற்றிய ஆணை, பிற சபைச் சகோதரரோடு சேர்ந்து செபிப்பதை விரும்பத்தக்கது என்றே சொல்கிறது. ஆகவே 'கத்தோலிக்கர் போகலாமா' என்று யாராவது தயங்கினால் அச்சமின்றிப் போகலாம் என்று சொல்லுங்கள். நற்கருணை விருந்து வேறு விஷயம், அதை இந்த மாலைக்குள் கொண்டுவர வேண்டாம். இறைவார்த்தை வழிபாடாக வையுங்கள்: வாசகம், திருப்பாடல், மன்றாட்டு, ஆண்டவர் கற்பித்த செபம்.

இந்த வாரம் எப்படி வந்தது என்பதையும் இளையோருக்குச் சொல்ல வேண்டும். 1908இல் அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தின் கிரேமூர் என்ற இடத்தில் போல் வாட்சன் என்ற அங்கிலிக்கன் குருவானவர் தொடங்கியது. அடுத்த ஆண்டு அவருடைய துறவறக் குழுவே கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்துவிட்டது. தொடக்கத்தில் இந்தச் செபத்தின் எதிர்பார்ப்பு, எல்லோரும் உரோமைக்குத் திரும்ப வேண்டும் என்பதாகத்தான் இருந்தது. பிற சபையார் அதில் மனப்பூர்வமாகச் சேர முடியாதது இயல்பே. 1930களில் பிரான்சின் லியோன் நகரத்துக் குருவானவர் போல் கூத்தூரியே அதைத் திருத்தினார். கிறிஸ்து விரும்பும் ஒற்றுமை, அவர் விரும்பும் வழியில் வரட்டும் என்று மன்றாடச் சொன்னார். அந்தச் செபத்தை யாரும் தன் மனச்சாட்சியை விற்காமல் சொல்லலாம். 1968 முதல், பல சபைகளின் உலகக் கூட்டமைப்பான உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் சேர்ந்து தயாரித்த வழிபாட்டுக் குறிப்புகள் பயன்பாட்டில் இருக்கின்றன.

உங்கள் வரைவில் 'எங்களை ஒன்றாக்கும்' என்ற இடத்தில் 'நீர் விரும்புகிற விதமாக' என்று சேருங்கள்.

---

மேல்மாடிச் சபை (கிராண்ட்பாஸ்) — செவ்வாய், காலை 6.25

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீங்கள் சொன்ன மாடிச் சபைகளில் ஒன்றின் விசுவாசி நான். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

ஒரு மாலை ஒரே மண்டபத்தில் உட்காருவது எளிது. ஆனால் எங்களை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? ஆடு திருடுகிறவர்கள் (மற்றச் சபை விசுவாசிகளை இழுக்கிறவர்கள்), கைதட்டிக் கத்துகிறவர்கள், நேற்று முளைத்தவர்கள். என் அம்மாவின் அடக்க ஆராதனைக்குப் பக்கத்து வீட்டு கிறிஸ்தவர்கள் வாசல் வரை வந்து நின்றார்கள், ஜெபத்துக்கு உள்ளே வரவில்லை. எங்கள் சபையின் ஊழியர் ஒருவர் வெளியூரில் வீடொன்றில் ஜெபக்கூட்டம் நடத்தியபோது, கூட்டமாக ஆட்கள் வந்து நிறுத்தச் சொன்னார்கள். அந்த ஊரில் பெரிய ஆலயங்கள் இருந்தன. ஒருவரும் பேசவில்லை.

இன்னொன்று. சத்தியத்தில் வித்தியாசம் இருக்கிறது. ஞானஸ்நானத்தைப் பற்றி, மரியாளைப் பற்றி, பரிசுத்த ஆவியின் வரங்களைப் பற்றி நாம் ஒன்றாக நினைக்கவில்லை. அதை மூடி மறைத்துவிட்டு 'எல்லோரும் ஒன்றுதான்' என்று சொல்லும் ஜெபத்துக்கு என்னால் ஆமென் சொல்ல முடியாது.

---

வெள்ளவத்தை ஆசிரியை — செவ்வாய், பிற்பகல் 3.40

மேல்மாடிச் சபைத் தம்பிக்கு: வாசலில் நின்றார்கள் என்று எழுதியதைப் படித்து மனம் கனத்தது. அதை எழுதியதற்கு நன்றி. இந்த இழையில் இதுவரை வந்தவற்றுள் மிக முக்கியமான செய்தி அதுதான்.

நான் மெதடிஸ்த வீட்டுப் பெண். ஒற்றுமைப் பேச்சை என் சிறு வயதிலிருந்து கேட்கிறேன். நம் நாட்டில் அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது, நம் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணச் சபை கடல் கடந்து அதில் ஓர் ஆதீனமாக, அதாவது ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதியாக, சேர்ந்தது. சபாபதி குலேந்திரன் அதன் முதல் பேராயர். அதே போல இலங்கையிலும் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த, பிரெஸ்பிட்டேரியன் சபைகளும் யாழ்ப்பாண ஆதீனமும் சேர்ந்து ஒரே திருச்சபையாக வேண்டும் என்று பல்லாண்டு உழைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில், கைகூடும் தறுவாயில், நீதிமன்ற வழக்கால் நின்றுபோயிற்று. அந்தக் கால உழைப்பில் மிஞ்சியவற்றுள் ஒன்று பிலிமத்தலாவை இறையியல் கல்லூரி. 1963இல் தொடங்கியது. பல சபைகளின் ஊழியர்கள் சிங்களத்திலும் தமிழிலும் அங்கே ஒன்றாகப் படிக்கிறார்கள்.

டி. டி. நைல்ஸ் ஐயாவைப் பற்றி இளையோருக்குச் சொல்லுங்கள். நம் யாழ்ப்பாணத்து மெதடிஸ்தர். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதல் பேரவையில் பேசியவர். 1968இல் உப்சாலாப் பேரவையின் தொடக்கப் பிரசங்கத்தை மார்ட்டின் லூதர் கிங் செய்வதாக இருந்தது. அவர் கொல்லப்பட்டதால் அந்த இடத்தில் நின்று பேசியவரும் நைல்ஸ்தான். ஒரு தமிழர் உலகச் சபைகளை ஒரே மேடைக்கு அழைத்தார், நாம் பக்கத்துத் தெருவுக்குப் போகத் தயங்குகிறோம்.

குழுக்களும் இணைப்புத் திட்டங்களும் நின்றுபோன இடத்தில் நிற்காமல் தொடர்ந்தது பெண்களின் செபம். மார்ச் மாத முதல் வெள்ளி உலக செப நாள். ஒவ்வோர் ஆண்டும் வேறொரு நாட்டுப் பெண்கள் வழிபாட்டு முறையை எழுதி அனுப்புவார்கள், உலகம் முழுவதும் அதே செபத்தைச் சொல்வோம். கத்தோலிக்க சிஸ்டர்மாரும் சல்வேஷன் ஆமிப் பெண்களும் நாங்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறோம். யாரும் தங்கள் கோட்பாட்டை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. வேறொரு நாட்டுப் பெண்ணின் பாட்டை நம் வாயால் சொல்லும்போது கோட்பாட்டுச் சண்டைக்கு நேரம் இருக்காது.

---

வாவிக்கரை (மட்டக்களப்பு, தற்போது தெஹிவளை) — செவ்வாய், இரவு 8.15

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். முதல் இரண்டும் கத்தோலிக்கம், மூன்றாவது சுவிசேஷ சபை. தற்கொலைக் குண்டோடு வந்தவர்கள் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. சீயோனில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற சிறுவர்கள் பலர் இறந்தார்கள். என் ஊர்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. இப்படியான கூட்டங்களில் அந்த நாளைச் சொல்லி எல்லோரையும் அழவைத்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். கொழும்பில் பெரும்பாலான நினைவுக் கூட்டங்களில் கொச்சிக்கடையும் கட்டுவாப்பிட்டியும் முழுதாகச் சொல்லப்படும், சீயோன் கடைசியில் ஒரு வரியாக வரும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உடல் ஊனத்தோடும் காது கேளாமலும் வாழ்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீதி கேட்டு நிற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மன்றாடுவதானால் அவர்களுக்காகவும் மன்றாடுங்கள். இறந்தவர்களை மட்டும் நினைத்தால் போதாது.

---

உபதேசியார் (மட்டக்குளி) — செவ்வாய், இரவு 9.30

தம்பி வாவிக்கரை, நீங்கள் சொன்னது நியாயம். குண்டுவெடிப்புக்கு அடுத்த ஞாயிறு ஆலயங்களில் மக்கள் கூடித் திருப்பலி இல்லை. கர்தினால் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கள் வீட்டில் அன்று பக்கத்து வீட்டு பெந்தெகொஸ்தேக் குடும்பமும் உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய சபையும் பூட்டியிருந்தது. அந்த நாள்களில் நாங்கள் ஒருவரையொருவர் எந்தச் சபை என்று கேட்கவில்லை. பிறகு கேட்கத் தொடங்கிவிட்டோம்.

---

மலைநாட்டு மகள் (வத்தளை) — புதன், இரவு 10.45

வேலை முடிந்து இப்போதுதான் படித்தேன். பெரியவர்கள் வரலாறு எழுதியிருக்கிறீர்கள், கற்றுக்கொண்டேன். கோவில்மணி அண்ணாவின் செபத்தில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. 'துன்பங்களைப் பொறுமையோடு தாங்க அருள்தாரும்.'

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பொறுமையாயிரு என்று எங்களுக்கு எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கங்காணி சொன்னார், துரை சொன்னார், கோவிலிலும் சொன்னார்கள். 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றபோதும் பால்மாவுக்கு அலைந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். ஆண்டவரிடம் பொறுமை மட்டுமா கேட்பது? சிறுகடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து சத்தம் போடுகிறார்கள். தாலியை அடகு வைத்து மீட்க முடியாமல் இருக்கிறார்கள். அம்மா குவைத்தில், பிள்ளைகள் பாட்டியிடம். களனி ஆறு பெருகினால் முதலில் மூழ்குவது கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் உள்ள எங்கள் ஆட்களின் வீடுகள். டித்வா புயலின் வெள்ளத்தில் சேறு வாரியவர்களுக்குத் தெரியும்.

இவற்றைப் பெயர் சொல்லி ஆண்டவர் முன் வைக்க வேண்டும். திடம் கேட்க வேண்டும், வழியும் கேட்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறவருக்கு உதவுகிற மனத்தையும் கேட்க வேண்டும்.

---

ஜிந்துப்பிட்டி வாசகன் — வியாழன், காலை 7.50

சகோதரி சொன்னதற்கு வேதத்தில் இடமிருக்கிறது. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தை ஒரே அமர்வில் படித்துப் பாருங்கள். எழுதியது சிறையிலிருந்து. அந்தச் சபையும் உபத்திரவத்தில் இருந்தது. அதே நிருபத்தில்தான் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களைப் பெயர் சொல்லி, ஒரே சிந்தையாக இருங்கள் என்று கெஞ்சுகிறார். அதோடு நிறுத்தவில்லை. இன்னொரு உடன்வேலையாளை அழைத்து, இந்தப் பெண்களுக்குக் கைகொடு என்கிறார். கஷ்ட காலத்தில் சண்டை வருவது அன்றும் இருந்தது. பசியும் பயமும் வந்தால் மனிதர் தம் கூட்டத்துக்குள் சுருங்கிக்கொள்கிறார்கள். யோவான் 17இல் ஆண்டவர் தம் சீடர்கள் ஒன்றாயிருக்க மன்றாடியதும் பிடிபடப் போகிற அதே இரவில்தான்.

ஆகவே நிகழ்ச்சியை 'ஒற்றுமை', 'துன்பத்தில் திடம்' என்று இரண்டு பகுதியாகப் பிரிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஒரு யோசனை சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சபையும் தனக்காக மன்றாடக்கூடாது. கத்தோலிக்கருக்காக மேல்மாடிச் சபை மன்றாடட்டும். மேல்மாடிச் சபைக்காகக் கத்தோலிக்கர். மெதடிஸ்தருக்காக எங்கள் அங்கிலிக்கன் ஆட்கள், எங்களுக்காக மெதடிஸ்தர். மன்றாட்டை எழுதுவதற்கு முன் அந்தச் சபையின் வீடுகளுக்கு இரண்டு பேர் போய், "உங்களுக்கு என்ன கஷ்டம், எதற்காக மன்றாட வேண்டும்" என்று கேட்டு வர வேண்டும். கேட்காமல் எழுதக்கூடாது.

---

மேல்மாடிச் சபை (கிராண்ட்பாஸ்) — வியாழன், மதியம் 12.20

இது எனக்குச் சம்மதம். கோட்பாடு ஒன்றென்று நடிக்க வேண்டியதில்லை. ஒருவர் மற்றவருடைய பாரத்தைச் சுமக்கச் சொல்லிக் கலாத்தியர் 6:2இல் எழுதியிருக்கிறது. எந்தச் சபையார் என்று அங்கே பிரித்து எழுதவில்லை.

ஆனால் என் பாஸ்டரிடம் நான் மட்டும் பேசினால் போதாது. உங்கள் பங்குத்தந்தை ஒரு தடவை படியேறி எங்கள் மண்டபத்துக்கு வரட்டும். இதுவரை யாரும் வந்ததில்லை.

---

கோவில்மணி (கொட்டாஞ்சேனை) — வியாழன், இரவு 9.00

பாதரிடம் இன்று மாலை சொன்னேன். சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். தம்பி, உங்கள் பாஸ்டருக்கு எந்த நேரம் வசதி என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி. எங்கள் பங்கில் சிங்களக் குடும்பங்கள் நிறைய. நாட்டின் சனத்தொகையில் கிறிஸ்தவர்கள் ஏழு சதவீதம் அளவில்தான், ஆனாலும் சிங்களவரும் தமிழரும் பெருந்தொகையாக ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுவது நம்மிடம்தான். தமிழில் மட்டும் நடத்தினால் அவர்கள் வெளியே நிற்பார்கள். என்ன செய்வது?

---

வெள்ளவத்தை ஆசிரியை — வெள்ளி, காலை 10.15

திருப்பாடலை ஒரு வசனம் சிங்களம், ஒரு வசனம் தமிழ் என்று மாறி மாறி வாசியுங்கள். 46ஆம் சங்கீதம் பொருத்தமாக இருக்கும், கத்தோலிக்கர் வேதாகமத்திலும் இன்று அதே எண்தான். மொழிபெயர்ப்பாளர் வைத்து எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லாதீர்கள், கூட்டம் களைத்துவிடும். தமிழ் வாசகத்துக்கு 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் இருக்கிறது.

கர்த்தருடைய ஜெபத்தில் வழக்கமாக ஒரு தடங்கல் வரும். கத்தோலிக்கர் 'தீமையிலிருந்து விடுவித்தருளும்' என்று நிறுத்துவார்கள், நாங்கள் 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' என்று தனியாகத் தொடர்ந்துகொண்டிருப்போம். தாளில் முழுதாக அச்சிட்டுவிடுங்கள்.

---

உபதேசியார் (மட்டக்குளி) — வெள்ளி, காலை 11.00

டீச்சர் சொன்னது சரி. கத்தோலிக்கருக்கும் அந்த வரி புதிதில்லை. திருப்பலியில் குருவானவரின் இடைச்செபத்துக்குப் பிறகு 'ஆட்சியும் வல்லமையும் மாட்சியும்' என்று நாங்களும் சொல்கிறோம். அச்சிட்டிருந்தால் யாரும் தயங்கமாட்டார்கள்.

---

கோவில்மணி (கொட்டாஞ்சேனை) — ஞாயிறு, இரவு 8.30

பாதர் நேற்று மேல்மாடிச் சபைக்குப் போய் வந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார்கள். சபையார் தேநீர் கொடுத்தார்கள், பாஸ்டர் அவருக்காக ஜெபித்தார், பாதர் பாஸ்டரின் சுகவீனமான பிள்ளைக்காகச் செபித்தார். மற்றச் சபைகளுக்கும் ஆட்கள் போய்வந்தார்கள். எல்லோரும் கொண்டுவந்ததைச் சேர்த்துப் பொதுச் செபத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன்:

"ஆண்டவரே, பாடுபடுவதற்கு முந்திய இரவில் நாங்கள் ஒன்றாயிருக்க மன்றாடினீர். அந்த மன்றாட்டை நாங்கள் இன்னும் காத்திருக்க வைத்திருக்கிறோம். நீர் விரும்புகிற ஒற்றுமையை, நீர் விரும்புகிற வழியில் எங்களுக்குத் தாரும்.

ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒருவர் வீட்டுத் துக்கத்தில் ஒருவர் வாசலோடு நின்றுவிட்டோம். உள்ளே வரும் துணிவைத் தாரும். இகழ்ந்து பேசிய பேச்சை மன்னியும்.

கடனால் உறக்கமில்லாதவர்களையும், நகையை அடகில் வைத்தவர்களையும், கடல் கடந்து உழைக்கும் தாய்மாரையும், அவர்களைத் தேடும் பிள்ளைகளையும், வெள்ளத்தில் வீடிழந்தவர்களையும் பெயர் சொல்லி உம் முன் வைக்கிறோம். அவர்களுக்குத் திடமும் வழியும் தாரும். எங்கள் கையில் இருப்பதைப் பிரித்துக் கொடுக்கும் மனத்தையும் தாரும்.

கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் சீயோனிலும் காயப்பட்டு இன்றும் வலியோடு வாழ்கிறவர்களைத் தாங்கும். நீதிக்காகக் காத்திருக்கும் குடும்பங்களைக் கைவிடாதேயும். பழிவாங்கும் எண்ணம் எங்கள் பிள்ளைகளுக்குள் புகாமல் காத்தருளும். ஜெபிக்கக் கூடியதற்காக விரட்டப்படுகிறவர்களோடு நாங்களும் நிற்கப் பலம் தாரும். ஆமென்."

---

மேல்மாடிச் சபை (கிராண்ட்பாஸ்) — ஞாயிறு, இரவு 9.05

கடைசி வரிக்கு ஆமென். என் பாஸ்டருக்கு வாசித்துக் காட்டினேன், மறுபடியும் வாசிக்கச் சொன்னார். கத்தோலிக்கருக்கான மன்றாட்டை எங்கள் சபையில் இரண்டு சகோதரிகள் எழுதுகிறார்கள். பங்கில் யார் யார் நோயாக இருக்கிறார்கள் என்ற விவரம் வேண்டும், சம்மதித்தவர்களின் பெயர் மட்டும்.

---

வாவிக்கரை (மட்டக்களப்பு, தற்போது தெஹிவளை) — ஞாயிறு, இரவு 9.40

சீயோனுக்கான வரியை யார் வாசிக்கிறார்கள்? கத்தோலிக்கர் ஒருவர் வாசித்தால் நல்லது. கொச்சிக்கடைக்கான வரியை நான் வாசிக்கிறேன்.

---

மலைநாட்டு மகள் (வத்தளை) — ஞாயிறு, இரவு 11.10

எந்த நாள் வைக்கிறீர்கள்? ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வார நாளில் ஏழு மணிக்கு முன் வர முடியாது. ஞாயிறு என்றால் விடுதியிலிருந்து ஒரு வேன் நிறைய வருவோம்.

---

கோவில்மணி (கொட்டாஞ்சேனை) — திங்கள், காலை 6.50

ஞாயிறு, ஜனவரி 25, மாலை 5 மணி. பவுல் மனந்திரும்பிய திருநாள். இடம் மெதடிஸ்த ஆலய மண்டபம். சீயோனுக்கான வரியை எங்கள் பங்கின் இளம்பெண் ஒருவர் வாசிக்கிறார். காணிக்கை எடுத்தால் அது முழுவதும் வெல்லம்பிட்டியில் வெள்ளம் பாதித்த வீடுகளுக்கு. எந்த வீடுகள் என்பதை நான்கு சபைகளிலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்து போய்ப் பார்த்து முடிவு செய்வார்கள். தாள்கள் அச்சிட ஒருவர் முன்வந்திருக்கிறார். சிங்களப் பகுதியைச் சரிபார்க்க ஒருவர் தேவை, இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்.